வரப்பில் பதிந்த வலது கால்

எனக்குச் சந்தேகப் புத்தி. இதைச் சொல்லிக்கிறதுல எனக்கு வெக்கமே கிடையாது, ஏன்னா ஊரே சொல்லி முடிச்சிடுச்சு. மாதா கோயில்ல பாவசங்கீர்த்தனத்துக்கு முட்டி போட்டா, நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாலயே சாமியார், "இந்த வாரம் யார் மேலம்மா?"ன்னு கேப்பாரு. எங்க வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்காரு. வீடியோ கால் வந்தா அவர் முகத்தைப் பாக்குறதுக்கு முன்னால அவருக்குப் பின்னால இருக்குற செவுத்தைத்தான் பாப்பேன். "என்னடி தேடுற?"ம்பாரு. "ஒண்ணுமில்ல, ரூமு சுத்தமா இருக்கான்னு பாத்தேன்"ம்பேன்.

இந்தப் புத்தியை எனக்குக் குடுத்தது வயல்தான். எங்க நிலம் குடவாசலுக்குக் கிழக்கால, வாய்க்கால் போய் முடியுற எடத்துல இருக்கு. கடைமடை. ஆத்துல தண்ணி விட்டு, அது மேல இருக்குற ஊரையெல்லாம் தாண்டி எங்களுக்கு வந்து சேர்றதுக்குள்ள பாதி மடை தானா திறந்துக்கும். யாரைக் கேட்டாலும் "எலி பறிச்சிருக்கும்மா"ம்பாங்க. எலி என்ன மம்பட்டியத் தூக்கிக்கிட்டா வரும்? அதனால விடிஞ்சதும் நான் பாக்குறது வரப்பைத்தான். மம்பட்டிய வலது தோள்ல வச்சிருந்தவன் தடம் வலது பக்கம் கொஞ்சம் ஆழமாப் பதிஞ்சிருக்கும். அவசரமாப் போனவனுக்குக் குதிகால் பதியாது, விரல் மட்டும் மண்ணைக் கெல்லியிருக்கும். முட்டிவலிக்காரங்க தடம் ஒரு பக்கமா சாஞ்சிருக்கும்.

ஒருதரம் பக்கத்து வயக்காரர், "சத்தியமா நான் இந்தப் பக்கமே வரலம்மா"ன்னாரு. அவருக்குக் குதிகால்ல பெரிய வெடிப்பு ஒண்ணு உண்டு. தடத்துலயும் இருந்துச்சு. "கொஞ்சம் இங்க வந்து காலை வைங்க மாமா"ன்னேன். வச்சாரு. பொருந்திடுச்சு. அதுலேருந்து அவரு வயலுக்குச் செருப்பு போட்டுக்கிட்டுத்தான் வர்றாரு.

என் முட்டியும் ரெண்டு வருஷமா சரியில்ல. வரப்புல ஏறி இறங்குறப்ப வலது முட்டி பிடிச்சுக்கும். வீட்டுக்காரர் கேட்டா, "அதெல்லாம் ஒண்ணுமில்லையே"ம்பேன். வலிக்குதுன்னு சொல்லிப் பாருங்க, அடுத்த நிமிஷமே நிலத்தைக் குத்தகைக்கு விட்டுடும்பாரு. எனக்கா தெரியாது?

இப்படிப்பட்டவளுக்கு ஒரே பொண்ணு. அவ டென்னிஸ் ஆடுறா.

கும்பகோணத்துல அவ படிக்கிற பள்ளிக்கூடத்துல ஒரு சிமெண்டு கோர்ட்டு இருக்கு. ஆறாவது படிக்கிறப்ப அங்க இருந்த சிஸ்டர் ஒருத்தவங்க அவ கையில ராக்கெட்டைக் குடுத்தாங்க. அதோட போச்சு. அதுக்கப்புறம் ஒரு கோச்சுகிட்ட சேத்துவிட்டு, விடியக்காலம் டவுன் பஸ், பொழுது சாய டவுன் பஸ்னு நாலு வருஷமா ஓடிக்கிட்டு இருக்கோம். ஊர்ல, "பொம்பளப் புள்ளைய வெயில்ல ஓடவிட்டுக் கறுக்க வைக்கிறியே"ன்னு கேட்டாங்க. "நடவு நட்டா மட்டும் வெளுக்குமா?"ன்னேன்.

அவளுக்குச் சின்னதுலேருந்தே வலது பாதம் வெளிப்பக்கமா திரும்பித்தான் விழும். வாத்துன்னு கூப்பிடுவோம். அவளுக்குப் பத்து வயசு இருக்கும்போது வீட்டுக்குப் பின்னால களத்துக்குச் சிமெண்டு போட்டோம். பூசி முடிச்சு மேஸ்திரி கை கழுவப் போயிருக்காரு, இவ பந்தைத் துரத்திக்கிட்டு ஈரச் சிமெண்டு மேல இந்த மூலையிலேருந்து அந்த மூலைக்கு ஓடிட்டா. எட்டு காலடி பதிஞ்சுடுச்சு. நான் விளக்குமாத்தை எடுத்துக்கிட்டுப் போனேன். அவங்க அப்பா அப்ப லீவுல வந்திருந்தாரு. "விடுடி, இருந்துட்டுப் போகட்டும்"னாரு. இப்பவும் இருக்கு. நெல்லு காயவச்சு அள்ளும்போது அந்தப் பள்ளத்துல மட்டும் நாலு மணி தங்கும்.

போன வருஷம் தஞ்சாவூர்ல ஒரு டோர்னமெண்ட். அதுல ஃபைனல் வரைக்கும் வந்துட்டா. எதிர்ல வந்தது ஒரு உயரமான பொண்ணு, அதுக்கு முன்னால ரெண்டு தடவை இவளைப் போட்டுத் தள்ளினவ. அன்னைக்குக் காலையில லாட்ஜுல ஷூவுக்குக் கயிறு கட்டிக்கிட்டே, "அம்மா, வலது கணுக்கால் என்னமோ மாதிரி இருக்கு. வலிக்குது"ன்னா.

எனக்கு உடனே மூக்கு வேர்த்துடுச்சு. நேத்து செமிஃபைனல்ல முயலாட்டம் ஓடினவளுக்கு இன்னைக்கு எப்படி வலிக்கும்? யார் கூட ஆடணும்னு தெரிஞ்ச அப்புறம்தானே வலி வந்திருக்கு? காலைத் தொட்டுப் பாத்தேன். வீக்கம் இல்ல, ஒண்ணும் இல்ல.

"பயத்துக்கு வலின்னு பேரு வைக்காதடி"ன்னேன். "எனக்கே காதுல பூ சுத்துறியா?"

அவ கயிறை இன்னும் இறுக்கிக் கட்டிக்கிட்டா. போய் ஆடினா. முதல் செட்டு தோத்தா. ரெண்டாவது செட்டுல மூலைக்குப் போன பந்தை எடுக்க ஓடிக் காலை ஊனினா பாருங்க, கால் உள்பக்கமா மடங்கிடுச்சு. அந்தச் சத்தம் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்த எனக்குக் கேட்டுச்சு. கேட்டுச்சா, கேட்ட மாதிரி இருந்துச்சான்னு இப்ப யோசிச்சா அதுவும் சந்தேகமா இருக்கு. அவ விழுந்து கெடந்துக்கிட்டு என்னைப் பாத்த பார்வையில மட்டும் சந்தேகமே இல்ல.

வெளிப்பக்கத்து ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னாரு டாக்டர். "ஏற்கனவே கொஞ்சம் இழுத்திருக்கணும். காலையிலயே வலி இருந்திருக்குமே, சொல்லலியா பாப்பா?"ன்னு அவளைக் கேட்டாரு. அவ என்னைப் பாக்காம, "இல்ல சார்"னா. மாதாவே, அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலா என்னை நாலு சாத்து சாத்தியிருக்கலாம்.

அன்னைக்கு ஆரம்பிச்சுது அந்த "இல்ல". மாவுக்கட்டுக்குள்ள அரிக்குதான்னு கேட்டா இல்ல. கட்டைப் பிரிச்சப்ப வலிச்சுதான்னு கேட்டா இல்ல. கும்பகோணத்துல பிசியோதெரபிக்குச் சேத்தோம். ரப்பர் பட்டையைப் பாதத்துல மாட்டி இழுக்கணும், தலையணை மேல ஒத்தைக் கால்ல நிக்கணும். நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டும். "வலிக்குதாடி?" "இல்ல." வலிக்குதுன்னு சொல்லி ஒரு தரம் பட்டது போதும்னு முடிவு பண்ணிட்டா போல.

நான் சும்மா இருப்பேனா? கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்தேன். பிசியோ பொண்ணு மேல சந்தேகம், அது எப்பப் பாத்தாலும் போனை நோண்டிக்கிட்டே "சூப்பர், சூப்பர்"ங்கும். கோச்சு மேல அதைவிடச் சந்தேகம். திருச்சியில ஒரு டோர்னமெண்ட் வருது, அதுல ஆடினாத்தான் ரேங்கு நிக்கும்னு அவரு முன்னாலயே சொல்லியிருந்தாரு. இவ அவரோட வாட்ஸ்அப்புல பேசுவா, நான் பக்கத்துல போனா போனைக் கவுத்து வச்சுடுவா. இந்த ஆளுதான் புள்ளைய உசுப்பிவிடுறாருன்னு எனக்கு நிச்சயமாத் தோணிடுச்சு.

அப்பத்தான் எனக்கு வரப்பு ஞாபகம் வந்துச்சு. வெறுங்கால்ல மெத்துன்னு இருக்குற மண்ணுல நடக்கலாம்னு பிசியோவே சொல்லியிருந்தாங்க. எங்க பெரிய வரப்பு டிராக்டர் போற அகலம், வழுக்காது. சம்பா நட்டு முடிச்ச நேரம், முந்தின நாள் மழை பேஞ்சிருந்துச்சு. காலையில நான் வயலுக்குப் போயிட்டு, "டீயைத் தூக்குல ஊத்திக்கிட்டு வாடி"ன்னு போன் போட்டேன். வந்தா, குடுத்தா, திரும்பிப் போனா. அவ தலை மறைஞ்சதும் நான் டீயைக்கூடக் குடிக்காம குனிஞ்சு தடத்தைப் பாத்துக்கிட்டே போனேன். இடது கால் ஒழுங்கா இருந்துச்சு. வலது காலுக்குக் குதிகாலே இல்ல. விரலால ஊனி ஊனி நடந்திருக்கா.

அவளையும் கூட்டிக்கிட்டு நேரா பிசியோகிட்ட போய்ச் சொன்னேன். அந்தப் பொண்ணு போனைக் கீழ வச்சுட்டு இவளை நடக்கவிட்டு, உக்கார வச்சு, அழுத்திப் பாத்துட்டு, "இன்னும் மூணு வாரம் ஓடக் கூடாது"ன்னுடுச்சு.

பஸ்ஸுல வர்றப்ப இவ முகம் சிவந்து கெடந்துச்சு. "எப்படிக் கண்டுபிடிச்ச?"ன்னா.

இங்கதான் நான் பெரிய தப்பு பண்ணினேன். பேசாம இருந்திருக்கணும். எனக்கோ பெருமை தாங்கல. பக்கத்து வயக்காரர் குதிகால் கதையிலேருந்து ஆரம்பிச்சு, மம்பட்டித் தோளு, அவசரக்காரன் விரலு, முட்டிவலிக்காரங்க சாய்வுன்னு எல்லாத்தையும் குடவாசல் வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தேன். "நல்ல காலுன்னா ரெண்டும் ஒரே மாதிரி விழணும், குதிகால் முதல்ல, விரல் அப்புறம். அம்மாகிட்ட டிமிக்கி குடுக்க முடியாது தெரிஞ்சுக்க"ன்னேன். அவ ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டே வந்தா.

ரெண்டு வாரத்துல அவ தடம் பிரமாதமா ஆயிடுச்சு. தினமும் காலையில அவளாவே டீ கொண்டுவந்தா. குதிகால் பதிஞ்சுது, விரல் பதிஞ்சுது, ரெண்டு காலும் ஒரே ஆழம். மூணு வாரம் முடிஞ்சு பிசியோ ஒத்தைக் கால்ல குதிக்கச் சொன்னப்ப சிரிச்சுக்கிட்டே குதிச்சா. "சூப்பர்"னுச்சு அந்தப் பொண்ணு. கோச்சு திருச்சிக்குப் பேரு குடுத்துட்டாரு. வீட்டுக்காரர் போன்ல, "இப்பவாவது நிம்மதியா இருடி"ன்னாரு.

நான் நிம்மதியா இருக்கப் பாத்தேன். ஆனா உள்ளுக்குள்ள ஏதோ அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. என்னன்னு சொல்லத் தெரியல. திருச்சிக்குக் கிளம்ப ரெண்டு நாள்தான் இருந்துச்சு. களத்தைப் பெருக்கிக்கிட்டு இருந்தேன். அந்த எட்டு காலடிப் பள்ளத்துல தூசி அடைஞ்சிருந்துச்சு. குனிஞ்சு விளக்குமாத்து நுனியால கிளறிக்கிட்டே வந்தவ அப்படியே நின்னுட்டேன்.

வலது பாதம் வெளிப்பக்கமா திரும்பியிருந்துச்சு. எல்லா அடியிலயும்.

விளக்குமாத்தைப் போட்டுட்டு வரப்புக்கு ஓடினேன். முட்டி பிடிச்சுக்கிச்சு, அதைப் பாக்குற நேரமா? காலையில அவ வந்துட்டுப் போன தடம் காஞ்சும் காயாம இருந்துச்சு. வலது கால் நேரா இருந்துச்சு, கோடு போட்ட மாதிரி. இடது காலும் நேரா. பிறந்ததுலேருந்து வாத்து நடை நடக்குறவளுக்கு வலது கால் எப்படி நேரா விழும்? ஒவ்வொரு அடியையும் பாத்துப் பாத்து வச்சிருக்கா. ரெண்டும் ஒரே மாதிரி விழணும்னு நான் சொன்னேன் பாருங்க, அதை அப்படியே செஞ்சிருக்கா. வலியைப் பல்லைக் கடிச்சு முழுங்கிக்கிட்டு, எனக்காகன்னே நடந்த நடை அது. அவ சொந்த நடை எப்படின்னு அவளுக்கே மறந்து போச்சு.

வீட்டுக்கு வந்து, பேகு அடுக்கிக்கிட்டு இருந்தவளைக் கையைப் பிடிச்சுக் களத்துக்கு இழுத்துட்டு வந்தேன். "இது யாரு காலு?"ன்னேன். "என் காலு"ன்னா. "அப்ப வரப்புல நடக்குறது யாரு?"

பாத்தா. புரிஞ்சுடுச்சு. அழுவான்னு நெனச்சேன். கத்தினா.

"அன்னைக்கு வலிக்குதுன்னு சொன்னேன். பொய்யின்ன. இப்ப வலிக்கலன்னு சொல்றேன். அதுவும் பொய்யிங்குற. நான் என்னதான்மா சொல்லணும்? எதைச் சொன்னா நீ நம்புவ?"

பதிலுக்குப் பதில் பேசாம நான் இருந்ததே கிடையாது, என் மாமியாரைக் கேட்டுப் பாருங்க. அன்னைக்குப் பிடிச்சிருந்த அவ கையை விட்டுட்டேன். தஞ்சாவூர்ல நான் செஞ்சதைச் சாமியார்கிட்ட சொல்லியிருக்கேன், வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அழுதிருக்கேன். அவகிட்ட மட்டும் சொன்னதே இல்லன்னு அப்பத்தான் உறைச்சுது.

"அன்னைக்கு நான் உன்னை நம்பியிருக்கணும்டி"ன்னேன். "உன் காலு போனது என்னாலதான்."

அவ அந்தச் சிமெண்டுலயே உக்காந்துட்டா. அப்புறம்தான் அழுதா. மாடிப்படி இறங்கினா வலிக்குதாம். சர்வ் போட்டுட்டுத் தரையில கால் படுறப்ப உயிர் போகுதாம். கோச்சுகிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டேன். போனை எடுத்து என் கையில குடுத்தா. தினமும் அந்த மனுஷன், "வலி இருக்கா? உண்மையைச் சொல்லு, திருச்சி போனாப் போகுது"ன்னு கேட்டிருக்காரு. இவ தினமும் "இல்ல சார்"னு போட்டிருக்கா. நான் எவ்வளவு நல்ல மனுஷனை என்னென்ன நெனச்சிருந்தேன்! திருச்சி வேண்டாம்னு அவளே அவருக்குப் போன் பண்ணினா. நான் சொல்லல.

மறுபடி பிசியோ, மறுபடி ரப்பர் பட்டை, மறுபடி தலையணை. இந்தத் தடவை வலிச்சா "வலிக்குது"ன்னா, வலிக்கலன்னா "வலிக்கல"ன்னா. கேக்க எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா வரப்புல என் கண்ணு கீழ போறதை மட்டும் என்னால நிறுத்த முடியல. சம்பா அறுத்து, களத்துல காயவச்சு, உளுந்தும் தெளிச்சாச்சு. அப்புறம்தான் டாக்டர் ஆடலாம்னாரு.

முதல் டோர்னமெண்ட் கும்பகோணத்துலயே. ரெண்டு மேட்ச் ஜெயிச்சா. மூணாவதுக்கு எதிர்ல யாரு வந்தாங்குறீங்க? அதே உயரமான பொண்ணு. முதல் செட்டு எங்க வீட்டுப் பொண்ணுக்கு. நான் வேலிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ரெண்டாவது செட்டுல அந்தப் பொண்ணு விழிச்சுக்கிட்டா. நாலுக்கு ரெண்டு, அஞ்சுக்கு ரெண்டு. இவ தடுமாற ஆரம்பிச்சா. அப்ப கையைத் தூக்கி அம்பயரைக் கூப்பிட்டா. என்னமோ பேசினா. ராக்கெட்டை உறையில போட்டா, அந்தப் பொண்ணுக்குக் கை குடுத்தா, நேரா வேலிகிட்ட என் முன்னால வந்து நின்னா.

"வலிக்குதும்மா"ன்னா.

தோத்துக்கிட்டு இருக்கா. எதிர்ல அதே ஆளு. கால்ல வீக்கம் இல்ல. அரை மணி முன்னால நல்லா ஓடினா. அன்னைக்கு இருந்ததெல்லாம் ஒண்ணு விடாம இன்னைக்கும் இருக்கு. என் உடம்புல இருக்குற அத்தனை சந்தேகமும் எந்திரிச்சு நின்னுச்சு. அவ என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா, பரீட்சை பேப்பர் வாங்க நிக்குற மாதிரி.

"சரி. வா, போகலாம்"னேன்.

நெஜமாவே வலிச்சுதா? எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கேட்டதில்ல. கேக்கணும்னு நாக்கு துடிக்கிறப்பல்லாம் எந்திரிச்சுப் போய் வேற வேலையைப் பாக்குறேன்.

குடவாசல்ல பஸ் மாறி சாப்பாட்டுக் கூடையோட ஊர் முனையில இறங்கினப்ப மழை விட்டிருந்துச்சு. வீட்டுக்குப் பெரிய வரப்பு வழிதான் கிட்டக்க. மண்ணு நல்லா ஊறி மெத்துன்னு கெடந்துச்சு, தடம் பாக்குறதுக்கு அதைவிட நல்ல ஈரம் கெடைக்காது. எப்பவும் அவளை முன்னால விட்டு நான் பின்னால வருவேன். அன்னைக்கும் அவ வழக்கம்போல முன்னால போகப் பாத்தா.

"இரு, நான் முன்னால போறேன்"னேன்.

அவ நின்னு வழி விட்டா. நான் நடந்தேன். திரும்பிப் பாக்கல. பாதி வரப்பு வந்திருப்போம், பின்னால அவ நடக்குற சத்தம் நின்னுடுச்சு.

"அம்மா"ன்னா. "உன் வலது கால் ஒரு பக்கமா சாயுது. ஒவ்வொரு அடியும்."

நான் நடந்துக்கிட்டே இருந்தேன்.

"முட்டி வலிக்குதாம்மா?"

இல்லன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. நின்னேன்.

"ஆமாடி"ன்னேன். "ரெண்டு வருஷமா வலிக்குது."

அவ கிட்ட வந்து, ராக்கெட் பையைத் தோள் மாத்திப் போட்டுக்கிட்டு, என் கையிலேருந்த கூடையை வாங்கிக்கிட்டா.